வரிசைக்கு ஒரு சீட்டு

ஜூலை 3, புதன்

கிருபைவிளை கால்நடை மருந்தகத்தில் இன்று பொறுப்பேற்றேன். இரண்டு அறை, ஒரு வேப்பமரம், கதவு சரியாக மூடாத குளிர்பெட்டி. சுற்றிலும் செம்மணல் தேரி, பனை. ஊரில் எங்கே நின்றாலும் கோயில் கோபுரம் தெரிகிறது. கோயில் என்றால் இங்கே சர்ச். பாதிரியாரை ஐயர் என்கிறார்கள்.

மாறுதல் விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தேன். அலுவலகத்தில் சிரித்திருக்கிறார்கள். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கையில் திருநெல்வேலி டவுனை விட்டு இந்தத் தேரிக்காட்டை யாராவது கேட்டு வாங்குவார்களா என்று. சிரிக்கட்டும். எனக்கு வறண்ட காற்று ஒத்துக்கொள்ளும்.

மூன்று வருடமாக இந்த நோட்டில் ஒருத்தியின் பெயரை எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். ஊர் மாறியதால் அது மாறப்போவதில்லை.

ஜூலை 5, வெள்ளி

கோயில்குட்டியார் வந்தார். மணியடித்து, கூட்டிப் பெருக்கி, விளக்குப் போடுகிறவருக்கு இங்கே அந்தப் பெயர். அருமைநாயகம் என்று சொன்னார். பெயரைவிட ஆள் மெலிவு.

"டாக்டரம்மா, அசனத்துக்கு விட்ட கெடா மூணு இருமிக்கிட்டு கெடக்கு. ஐயர் ஒங்களக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாவ."

அசனம் என்பது கோயில் திறந்த நாளை ஒட்டி வருடம் ஒருமுறை நடக்கும் விருந்தாம். ஊரே கூடிச் சமைத்து, ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுமாம். செப்டம்பர் கடைசியில். நேர்ந்துகொண்டவர்கள் இப்போதே கெடாவைக் கோயில் வளாகத்தில் கொண்டு கட்டிவிடுகிறார்கள். பதினோரு கெடாக்கள். மூன்றுக்குச் சளி. தனியே கட்டச் சொல்லி ஊசி போட்டேன். அடுத்த ஊசி ஞாயிறு காலை.

நான் முட்டைகூடத் தொடாத வீட்டில் பிறந்தவள். ஊர்ப் பந்திக்குப் போகப்போகிற கெடாவுக்கு நான் மூச்சு முட்டாமல் பார்த்துக்கொள்கிறேன். உத்தியோகம்.

ஜூலை 7, ஞாயிறு

போனபோது ஆராதனை தொடங்கிவிட்டது. அருமைநாயகம் மணிக்கயிற்றை விடவில்லை. ஆட்டைப் பிடிக்க ஆள் இல்லை. வெளியே நின்றால் வெயில். வாசலில் நின்ற ஒரு பெண்மணி, ஐம்பத்தைந்து வயது இருக்கும், வெள்ளைச் சேலை, கனத்த கண்ணாடி, என்னைப் பார்த்தாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. கடைசி வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே ஓர் இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "உக்காருங்க, முடியதுக்கு நேரமாவும்" என்றாள். கையில் பாட்டுப்புத்தகத்தைத் திறந்தே கொடுத்தாள், சரியான பக்கத்தில்.

ஒன்றரை மணி நேரம். எழுந்தது பதின்மூன்று முறை, எண்ணினேன். எங்கள் கோயிலில் குருக்கள் சொல்வார், நாம் கும்பிடுவோம். இங்கே ஐயர் ஒரு வரி சொன்னால் ஜனங்கள் மறு வரி சொல்கிறார்கள். சொல்லாவிட்டால் அவரால் மேலே போக முடியாது போலிருக்கிறது. வேதம் வாசித்தது தையற்காரர். இன்னொன்று வாசித்தது பனங்கிழங்கு விற்கிற அம்மாள். அவள் திக்கித் திக்கி வாசித்தாள், ஒருவரும் நெளியவில்லை.

இன்னும் விசித்திரம்: வாசலில் ஒரு தகரப் பெட்டி. வேண்டுதல் உள்ளவர்கள் பெயர் போடாமல் ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டுவிடுகிறார்கள். ஜெப நேரத்தில் அந்தச் சீட்டுகளை ஐயர் படிப்பதில்லை. வாசல் பெண்மணி வரிசைக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டு போகிறாள். கையில் கிடைத்தவர் எழுந்து உரக்கப் படிக்க வேண்டும். அடுத்தவர் வீட்டுக் கவலையை நாம் வாய்விட்டுச் சொல்லி வேண்ட வேண்டும் என்பது கணக்கு. எல்லாரும் சேர்ந்து ஒரு பதில் சொல்கிறார்கள். போர்வெல்லில் தண்ணீர் வர வேண்டும். சவுதியில் மகனுக்கு விசா. முழங்கால் வலி.

ஆறாவது சீட்டைத் தையற்காரர் படித்தார். "கோயம்புத்தூரில் இருக்கிற நம்ம சபை மகன் ஆசீரின் மனைவி" என்று தொடங்கிப் பெயரையும் சொன்னார். "ஆறாம் மாதம் நடக்கிறது, தாயும் பிள்ளையும் சுகமாயிருக்க."

கெடாக்களுக்கு இரண்டாவது ஊசி போட்டாயிற்று. ஒன்றின் நுரையீரலில் இன்னும் சத்தம் இருக்கிறது.

ஜூலை 8, திங்கள்

சாப்பிடப் பிடிக்கவில்லை. புது ஊர்த் தண்ணீர்.

ஜூலை 14, ஞாயிறு

கெடாக்களைப் பார்க்கப் போனேன். அவை தேறிவிட்டன. இருந்தாலும் உள்ளே போய் உட்கார்ந்தேன். அதே இடம் காலியாக இருந்தது.

இன்று நற்கருணை, அப்பம் கொடுக்கிற நாள். வரிசை வரிசையாக எழுந்து முன்னே போய் முழங்காலிட்டார்கள். எங்கள் வரிசையும் எழுந்தது. பிரசாதம் என்றால் வாங்குவதில் என்ன என்று நானும் போனேன். வலக்கையை நீட்டினேன். ஐயர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். கையில் ஒன்றும் வைக்கவில்லை. என் தலையில் கைவைத்து ஏதோ ஆசி சொல்லிவிட்டுப் பக்கத்து ஆளுக்குப் போய்விட்டார்.

எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. வா வா என்று கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு இலையில் பரிமாறாமல் எழுப்பிவிடுவது எந்த ஊர் உபசாரம்? நானா கேட்டேன்?

ஆனாலும் சீட்டுகள் படிக்கும்வரை இருந்தேன். இன்றைக்கு அந்தச் சீட்டு வரவில்லை.

ஜூலை 17, புதன்

ஞானசிகாமணி ஐயர் தம் வீட்டுக் கோழியைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார். கோழிக்கு ஒன்றும் இல்லை.

"கோவமா இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன் டாக்டரம்மா."

"கோவம் என்ன? அழைச்சதும் நீங்க, கை நீட்டவச்சதும் நீங்க."

"அந்த அப்பம் ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்கு. அது எங்க முறை. ஒங்க கையில சும்மா வச்சிருந்தா நான் ஒங்களையும் மதிக்கலை, அப்பத்தையும் மதிக்கலைன்னு ஆகும். அதனால எனக்கு முடிஞ்சதக் குடுத்தேன்." கோழியின் முதுகைத் தடவினார். "அசனத்துக்கு வாங்க. அங்க முறை கெடையாது. பசிச்சவங்க எல்லாரும்."

நேரடியாகப் பேசுகிற மனுஷன். நான் கோழிக்குப் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தேன். நான் கோபமாக இருப்பதை அவரிடம் யார் சொன்னது என்றுதான் தெரியவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

ஏழாம் மாதம் தொடங்கிவிட்டதாம். சர்க்கரை கொஞ்சம் கூடுதலாம். பனங்கிழங்கு அம்மாள் படித்தாள்.

வாசல் பெண்மணி என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். ஜெப நேரத்தில் அவள் மடியில் செல்போன் வெளிச்சமாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், ஆனால் போன் விழித்துக்கொண்டிருக்கிறது. கோயிலில்கூட அதை அணைத்து வைக்கக் கூடாதா?

ஆகஸ்ட் 1, வியாழன்

சந்தையில் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும், இரண்டு டஜன் வாங்கினேன். என் கைக்குச் சேராத அளவு. நிறம் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

வாசல் பெண்மணியின் பெயர் பொன்புஷ்பம். அது எனக்கு முதல் நாளே தெரியும். மூன்று வருடத்துக்கு முன் தபாலில் வந்த கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பெயர் மாப்பிள்ளையின் தாயார் என்று அச்சடித்திருந்தது. கீழே, இடம்: கிருபைவிளை ஆலயம். நான் அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை. என் வீட்டுக்காரர் போனபின் பத்தொன்பது வருடம் நான் ஒருத்தியாக நின்று வளர்த்த பெண். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவுசெய்துவிட்டு, பத்திரிகை அனுப்பினாள். போனில் கத்தினேன். "அந்த வீட்டுல என் கை நனையாது, செத்தாலும் நனையாது" என்றேன். அதுதான் கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு அவள் செய்த போன்களை நான் எடுக்கவில்லை. ஒரு வருடத்தில் அவளும் நிறுத்திவிட்டாள். நிறுத்துவாள் என்று நான் நினைக்கவில்லை.

இந்த ஊருக்கு ஏன் வந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் தாலி கட்டிக்கொண்ட இடம் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தோன்றியது. பார்த்தாயிற்று. நல்ல காற்றோட்டமான கட்டடம்.

இங்கே நான் டாக்டரம்மா, அவ்வளவுதான். நான் யாரென்று பொன்புஷ்பத்துக்குத் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ரத்தம் 9.2. சோர்வாக இருக்கிறதாம். சீட்டில் அப்படியே எண் போட்டு எழுதியிருந்தது, ஆய்வகக் காகிதம் போல.

ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் சுக்குக்காப்பி கொடுக்கிறார்கள். நான் குடிப்பதில்லை, வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். பொன்புஷ்பம் வந்து நின்றாள். எனக்குத் திடீரென்று ஆடுகளைப் பற்றிப் பேச வேண்டும் போலிருந்தது.

"சினையாட்டுக்கு ரத்தம் கொறஞ்சா லேசா விட்டுரக் கூடாது" என்றேன். "முருங்கைக்கீரை தினம் வேணும். இரும்பு மாத்திரையை டீயோட போட்டா உடம்புல ஒட்டாது. எலுமிச்சைச் சாறோட போடணும்."

"ஆட்டுக்கா டாக்டரம்மா?"

"ஆட்டுக்குத்தான்."

"சரி" என்றாள் பொன்புஷ்பம், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "டீயை நிறுத்தச் சொல்லுதேன்."

செப்டம்பர் 1, ஞாயிறு

தையற்காரர் எழுந்து படித்தார். "நம்ம ஆசீரின் மனைவி டீயை நிறுத்திவிட்டாள். முருங்கைக்கீரை தினமும் சாப்பிடுகிறாள். மாத்திரை எலுமிச்சைச் சாற்றோடு. இன்னும் பெலன் கொடுக்கும்படியாக." எல்லாரும் பதில் சொன்னார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கடவுளுக்கு எதற்கு டீ விவரம்?

மற்றச் சீட்டுகளெல்லாம் ஒரு வரி. அந்தச் சீட்டு மட்டும் வாராவாரம் எடை, சர்க்கரை, ரத்தம் என்று வந்துகொண்டிருந்தது. ரெண்டு மாதமாக எனக்கு இது உறைக்கவில்லை. நான் மாட்டின் சாணத்தைப் பார்த்தே நோய் சொல்கிறவள். மின்விசிறிக்குக் கீழே அந்த இடம் எப்போதும் காலியாக இருந்ததும், என் கோபம் ஐயருக்குத் தெரிந்ததும் இப்போதுதான் புரிகிறது. நான் யாரென்று முதல் ஞாயிறே தெரிந்திருக்கிறது. அவளுக்கு மட்டும் அல்ல, கோயிலுக்கே. ஒருவர்கூட ஜாடை காட்டவில்லை.

அவமானமாக இருக்கிறது. அதோடு வேறொன்றும் இருக்கிறது, அதற்குப் பெயர் தெரியவில்லை.

செப்டம்பர் 4, புதன்

அசனத்துக்கு அரிசி பிரிக்கிறவர்கள் வந்தார்கள். நாலு பெண்கள், ஒரு சாக்கு. வீட்டுக்கு வீடு போய் வாங்குகிறார்கள். ஒருபிடியும் கொடுக்கலாம், ஒரு மூட்டையும் கொடுக்கலாம், எழுதிவைப்பதில்லை. பொன்புஷ்பமும் வந்திருந்தாள், சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு. நான் இரண்டு படி போட்டேன்.

"யார் வீட்டு அரிசின்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியக் கூடாதுன்னுதான டாக்டரம்மா. வெள்ளை, செவப்பு, ரேஷன் எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்துதான் ஒலையில போடுவோம். கொஞ்சம் கொழையும், கொஞ்சம் வேகாது. ஆனா அன்னைக்கு எவனும் கொற சொல்ல மாட்டான்." சாக்கை ஒரு குலுக்குக் குலுக்கினாள். "ஒங்களுக்குத் தனியாக் கத்திரிக்கா கொழம்பு உண்டு. புதுப் பானை வாங்கியாச்சு."

அவர்கள் போனபிறகு யோசித்தேன். அவள் வீட்டு அரிசியும் அந்தச் சாக்கில் இருக்கிறது. என்னுடையதும் இருக்கிறது. இனிப் பிரிக்க முடியாது.

செப்டம்பர் 8, ஞாயிறு

பொன்புஷ்பம் சீட்டு கொடுத்துக்கொண்டே வந்தாள். கடைசி வரிசைக்கு வழக்கமாக ஓரத்து ஆளிடம் கொடுப்பாள். இன்று என் கையில் வைத்தாள்.

நீல மை. சாய்ந்த எழுத்து. "ஆசீரின் மனைவிக்கு ஒன்பதாம் மாதம் பிறக்கிறது. பிரஷர் கூடியிருக்கிறது. பயப்படுகிறாள். அம்மா வேண்டும் என்று கேட்கிறாள்."

எழுந்து நின்றேன். கோயில் முழுவதும் காத்திருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் முதுகுகளே காத்துக்கொண்டிருந்தன. முப்பது வருடம் கருத்தரங்கில் பேசிய வாய். திறக்கவில்லை. சீட்டை இருக்கையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பின்னால் பொன்புஷ்பம் அதை எடுத்துப் படிக்கும் குரல் கேட்டது. அவள் குரலும் நடுவில் உடைந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. கெடாக்கள் ஆரோக்கியமாகத்தான் இருக்கின்றன.

மாலையில் கோயில் பக்கமாக நடந்தேன். அருமைநாயகத்திடம் இன்று எத்தனை சீட்டு என்று கேட்டேன். ஒன்பது என்றார். என்ன சீட்டு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிரஷர் எவ்வளவு? 150-ஆ, 160-ஆ? கால் வீக்கம் உண்டா? பார்வை மங்குகிறதா? ஆடு மாட்டுக்கு வாயில்லை, அதனால் நாம் பார்த்துக் கண்டுபிடிக்கிறோம். இவளுக்கு வாய் இருக்கிறது. எனக்குத்தான் இல்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கோயில் நிறைந்து வெளியே பந்தல்வரை கூட்டம். பின்பக்கம் பத்துப் பதினைந்து அடுப்பு. ஆண்கள் நள்ளிரவே மூட்டிவிட்டார்களாம். ஊதுபத்தியும் மசாலாவும் கலந்த வாசனை. என் இடம் காலியாகத்தான் இருந்தது. போன வாரம் வராதவளுக்கு, இவ்வளவு நெருக்கடியில், ஒரு பாட்டுப்புத்தகத்தை வைத்து இடம் பிடித்திருந்தார்கள்.

ஜெப நேரம் வந்தது. பொன்புஷ்பம் எங்கள் வரிசைக்கு வந்து தயங்கினாள். ஓரத்து ஆள் பக்கம் கை போயிற்று. நானே கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

யாரோ ஒருவர் வீட்டுப் போர்வெல். எழுந்து உரக்கப் படித்தேன். "இருநூறு அடி போட்டாச்சு, தண்ணி தரணும்." எல்லாரும் பதில் சொன்னார்கள். என் சொல்லுக்கு அவ்வளவு பேர் பதில் சொன்னது எனக்குப் புதிது. உட்கார வேண்டும். உட்காரவில்லை.

"இன்னொண்ணு இருக்கு" என்றேன். "எழுதிப் போடலை."

ஐயர் தலையசைத்தார்.

என் மகளின் பெயரைச் சொன்னேன். மூன்று வருடம் கழித்து நாக்கில் வந்த பெயர், சுளுவாக வந்தது. "எம் பொண்ணு. அவ நல்லபடியாப் பெத்துப் பொழைக்கணும். நான் அவகிட்டப் பேசாம இருந்துட்டேன். அதுக்கும் வேண்டிக்கணும்."

பதில் வந்தது. பந்தலில் இருந்தவர்களும் சொன்னார்கள் போல. வெளியே இருந்தும் சத்தம் கேட்டது. பக்கத்தில் பொன்புஷ்பம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். மடியில் போன் வெளிச்சமாக இருந்தது. இப்போது அது எனக்கு எரிச்சலாக இல்லை. போன் ஏன் விழித்திருக்கிறது என்று அப்போதும் யோசிக்கவில்லை, மடைச்சி.

பந்தியில் மணலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். தையற்காரர் ஒரு பக்கம், ஐயர் மறுபக்கம். வாழையிலை. வாளியில் சோறு வந்தது. கொஞ்சம் குழைந்தது, கொஞ்சம் வேகாதது. புதுப் பானையோடு பொன்புஷ்பமே வந்து கத்திரிக்காய்க் குழம்பை ஊற்றினாள். ஊற்றிவிட்டுப் போகவில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை; நான் போனில் கத்தியது அவளுக்கும் தெரிந்திருக்கும்தானே.

பிசைந்து ஒரு வாய் உண்டேன். உப்பு ஒரு கல் குறைவு. சொல்லவில்லை.

பொன்புஷ்பம் அப்படியே மணலில் குந்திவிட்டாள். "மைனி" என்றாள். எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டுப் பெண்களைக் கூப்பிடும் முறை அது. மூன்று மாதத்தில் முதல்முறையாக டாக்டரம்மா போய்விட்டது. "வாராவாரம் ஜெப நேரத்துல நான் போனைப் போட்டு வச்சிருவேன் மைனி. அவ அங்கேருந்து கேப்பா. நீங்க வந்திருக்கியளான்னு மொதல்ல கேப்பா, அப்புறந்தான் ஜெபம். இன்னைக்கும் கேட்டா. இன்னும் வைக்கலை."

போனை நீட்டினாள். என் வலக்கை முழுக்கக் குழம்பு. இடக்கையால் வாங்கினேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அழுது முடித்த மூச்சு, எனக்கு அது தெரியும். சின்ன வயதிலும் அப்படித்தான் மூக்கை உறிஞ்சுவாள்.

எனக்குக் கேட்க நூறு இருந்தது. பிரஷர், வீக்கம், எந்த ஆஸ்பத்திரி. அவள் முந்திக்கொண்டாள்.

"அம்மா, சாப்டியா?"

இலையைப் பார்த்தேன். கையைப் பார்த்தேன்.

"சாப்டுக்கிட்டு இருக்கேன்" என்றேன். "ஒங்க வீட்டுச் சோறுதான்."

செப்டம்பர் 23, திங்கள்

நாற்பது நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில்: மகள் லோசனியின் பிரசவம். வளையலைத் துணிக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று. பஸ் ஐந்தரைக்கு, பொன்புஷ்பமும் வருகிறாள்.